யூராலஜிக்குக் கடைசி யாரு?

எங்கள் கடலோர ஊரான மான்சனியோவில் ரேஷன் ரொட்டி வாங்குகிற எல்லோருக்கும் என்னைத் தெரியும். கவுண்டருக்கு உள்பக்கம் நின்று ரொட்டி கொடுக்கிறவள் நான், நெரெய்டா. வரிசை என்றால் என்னவென்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வருகிறவர் வாயைத் திறந்து "கடைசி யாரு?" என்று கேட்க வேண்டும். "நான்தான்" என்று ஒருவர் கையைத் தூக்குவார். அவருக்குப் பின்னால் நீங்கள். பிறகு நிழலில் உட்காருங்கள், எதிர்வீட்டில் காபி குடியுங்கள், யாரும் கேட்கப் போவதில்லை. அடுத்து வருகிறவரிடம் "நான்தான் கடைசி" என்று சொல்லிவிட்டால் உங்கள் கடமை முடிந்தது. கேட்க வேண்டியது இரண்டே வார்த்தை. அந்த இரண்டு வார்த்தை வாயில் வராமல் என் புருஷன் என்னைப் படாதபாடு படுத்தினார்.

விஷயம் இதுதான். எலியேசருக்கு எழும்பவில்லை.

சுற்றி வளைத்துப் பேச எனக்கு வராது. போன கார்னிவல் திருவிழா முடிந்த வாரத்தில் ஆரம்பித்தது. முதலில் சிரித்துக்கொண்டோம். வெக்கை, கரண்ட் இல்லை, ஃபேன் ஓடவில்லை என்றார். சரி என்றேன். அடுத்த முறை கரண்ட் இருந்தது, ஃபேனும் ஓடியது. சுவரில் இருந்த என் அம்மா படம் முறைக்கிறது என்றார். எழுந்து போய் அம்மாவைச் சுவர்ப்பக்கம் திருப்பி மாட்டினேன். அதிலும் பலன் இல்லை. பிறகு முன்னறையில்தான் காற்று வருகிறது என்று சொல்லி ஆடுநாற்காலியில் தூங்க ஆரம்பித்தார். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். குடிப்பதும் எழுந்து போவதுமாக இருப்பார். வெக்கைக்குத்தான் குடிக்கிறார் என்று நானும் விட்டுவிட்டேன்.

அவர் சாதாரண ஆள் இல்லை. வாரநாளில் அரிசி ஆலையில் மேஸ்திரி. ஞாயிற்றுக்கிழமை பேஸ்பால் மைதானத்தில் அம்பயர். பந்தடிக்கிறவன் நிற்கிற தட்டுக்குப் பின்னால் காலை அகட்டி நின்று "அவுட்" என்று அவர் கத்தினால் கடலில் வலை போடுகிறவனுக்கும் கேட்கும். சொன்ன தீர்ப்பை ஒருநாளும் மாற்றியதில்லை. மூன்றாம் பேஸ் பக்கம் உட்கார்ந்திருக்கும் எவேலியோ ஞாயிறு தவறாமல் "குருடா, கண்ணாடி போட்டுக்கிட்டு வாடா" என்று கத்துவான். பூங்கா மரத்தடியில் பேஸ்பால் பேசியே பொழுது போக்குகிற கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். எலியேசர் அந்தக் கத்தலைக் காதிலேயே போட்டுக்கொள்ள மாட்டார். இப்படிப்பட்ட மனுஷன் என்னைப் பார்த்தால் செருப்பைத் தேடுகிற மாதிரி கீழே பார்க்க ஆரம்பித்தார்.

வேறு ஒருத்தி இருக்கிறாள் என்றுதான் நினைத்தேன். எந்தப் பெண்ணும் அதைத்தான் முதலில் நினைப்பாள். ஒரு மதியம் அவரைச் சமையலறையில் மடக்கினேன்.

"யோவ், யாருய்யா அவ?"

"எவ?"

"என்கிட்ட நடிக்காத. ரொட்டிக் கடையில தினம் ஆயிரம் பொய்யப் பாக்குறவ நான்."

அவர் கையிலிருந்த டம்ளரை வைத்தார். "வேற ஒருத்தி இருந்தா எனக்கு நிம்மதிடி, நேரி. அப்ப கோளாறு என்கிட்ட இல்லைனு ஆயிருமே."

சொல்லிவிட்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அவருடைய அப்பா செத்தபோதுதான். என் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டேன். அதோடு நிறுத்தியிருந்தால் மனுஷன். கண்ணைத் துடைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தார்.

"நான் அவுட். என் ஆட்டம் முடிஞ்சுது. உனக்கு இன்னும் வயசிருக்கு. பயாமோவுல உன் தங்கச்சி வீட்டுக்குப் போ. யாரையாவது பாத்துக்கிட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

"யாரக் கேட்டு முடிச்ச?"

"இதுல யாரக் கேக்கணும்?"

"டாக்டரக் கேக்கணும். நல்ல டாக்டர் ஒருத்தர் உன்னப் பாத்துட்டு, இனி ஒண்ணும் பண்ண முடியாதுனு சொல்லட்டும். அன்னிக்குப் பெட்டிய எடுக்கிறேன். அது வரைக்கும் நீ அவுட்டும் இல்ல, நான் பயாமோவுக்குப் போகப் போறதும் இல்ல."

அலமாரி மேலிருந்த பெட்டியை இறக்கிப் படுக்கையறை வாசலில் வைத்தேன். அவர் போக வர அதில் காலை இடித்துக்கொள்ள வேண்டும் என்றுதான் வைத்தேன். எனக்குப் போகிற எண்ணம் துளியும் கிடையாது. ஆனால் அது அவருக்குத் தெரிய வேண்டியதில்லை.

டாக்டரைத் தேட ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது, எலியேசர் ஏற்கெனவே தேடி முடித்துவிட்டார் என்று, அதுவும் டாக்டர் இல்லாத இடமாகப் பார்த்து. சந்தையில் மரப்பட்டையை ஊறவைத்துப் பாட்டிலில் விற்பவனிடம் மாதக்கணக்கில் வாங்கிக் குடித்திருக்கிறார். வயிறு கெட்டதுதான் மிச்சம். கடற்கரையில் தக்காளிச் சாறும் எலுமிச்சையும் ஊற்றி டம்ளரில் தருகிற பச்சைச் சிப்பி வேறு. சிப்பிக்காரன் என்னைப் பார்த்தாலே ஒரு மாதிரி சிரிப்பான், ஏனென்று அப்போதுதான் விளங்கியது. கடல் தாண்டி டாம்பாவில் இருக்கிற என் பெரியப்பா மகன் நீல மாத்திரை ஒரு அட்டை அனுப்பியிருந்தான். அதை நான் பிடுங்கிப் பூட்டி வைத்தேன். பக்கத்து வீட்டு அம்பாரோவின் கொழுந்தன் நெஞ்சுவலி மாத்திரையோடு இதையும் போட்டுக்கொண்டு குளியலறையில் விழுந்து கிடந்த கதை எனக்குத் தெரியும். யாருக்கோ எழுதிய மாத்திரையை என் புருஷன் விழுங்க வேண்டாம்.

ஆலையில் ஒருவன் சொன்னான் என்று இன்னொரு ஆளிடமும் போனோம். ஆண்களுக்கு மட்டும் வைத்தியம் பார்க்கிறானாம், அவன் வீட்டு முன்னறையிலேயே. எங்களை உட்காரச் சொல்லவில்லை. என்ன சாப்பிடுகிறாய், என்ன வியாதி இருந்தது என்று ஒரு கேள்வி இல்லை. நாடியைத் தொடவில்லை. நேராகக் குளிர்பெட்டியைத் திறந்து ஊசியை எடுத்தான்.

"ஒரே ஊசி. அப்புறம் நீங்க ஓட வேண்டியதுதான், அம்மா" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தான்.

"நீ முதல்ல ஓடு" என்று சொல்லி எலியேசரை இழுத்துக்கொண்டு வந்தேன்.

எங்கள் தெரு டாக்டரிடம் போகலாம் என்றால், கேட்கவே வேண்டாம். தெருமுனையில்தான் இருக்கிறாள், யானெலிஸ், தங்கமான பெண். "அந்தப் பொண்ணு மைதானத்துல என் மடியில உக்காந்து ஐஸ் சாப்பிட்டவடி. அவகிட்ட நான் என்னனு சொல்றது?" என்றார்.

அதனால் என் வழியில் தேடினேன். ஆண்களைக் கேட்டால் ஒருவனும் உண்மை சொல்ல மாட்டான், எல்லோரும் சேவல்கள். பெண்களைக் கேட்டேன். ரொட்டியைக் கொடுத்துக்கொண்டே, குரலை இறக்கி, வயதான புருஷன் இருக்கிற ஒவ்வொருத்தியையும் விசாரித்தேன். அவர்களைப் பார்க்கிற டாக்டர் கேட்டுச் சிரிக்கிறவரா? அவசரமாக வெளியே தள்ளுகிறவரா? முக்கியமாக, கதவைச் சாத்திவிட்டுப் பேசுகிறாரா? எங்கள் ஊரில் டாக்டர் அறைக்கதவு சும்மாவே நிற்காது. நீங்கள் சட்டையைக் கழற்றி நிற்கும்போது ஒருத்தி தலையை நீட்டி "டாக்டர், ஒரே ஒரு கையெழுத்து" என்பாள். பெர்டோமோ என்று ஒருவர் வியாழக்கிழமை பாலிகிளினிக்குக்கு வருகிறார், யூராலஜி, அதாவது ஆண்கள் கோளாறு பார்க்கிற டாக்டர், கதவைச் சாத்துவதோடு தாழ்ப்பாளும் போடுகிறார் என்று நாலைந்து பேர் தனித்தனியாகச் சொன்னார்கள். அவர்தான் என்று முடிவு செய்தேன்.

வியாழக்கிழமை எலியேசர் இஸ்திரி போட்ட சட்டை போட்டுக்கொண்டார். குதிரை வண்டியில் போனோம். பாலிகிளினிக் நடையில் எதிரும் புதிருமாக இரண்டு கதவு. ஒன்று யூராலஜி, ஒன்று கண். நடுவில் பெஞ்சுகள், எல்லாவற்றிலும் ஆட்கள். யார் எந்தக் கதவுக்கு என்று பார்த்தால் தெரியாது, கேட்டால்தான் தெரியும்.

"கேளு" என்றேன்.

வாயைத் திறந்தார். ஒன்றும் வரவில்லை. தொண்டையைச் செருமினார். மறுபடி திறந்தார். கடலுக்குக் கேட்கிற குரல் எனக்கே கேட்கவில்லை.

"கேளுய்யா."

அப்போது பெஞ்சிலிருந்து ஒரு குரல். எங்கள் மகனுக்குப் பாடம் எடுத்த சோய்லா டீச்சர். "அட, எலியேசர். நீங்களும் கண்ணுக்கா? நான்தான் கடைசி. எனக்குப் பின்னாடி நீங்க."

"ஆமா டீச்சர்" என்றார் அந்த மகா மனுஷன். "கண்ணுக்குத்தான். அம்பயருங்க வருஷா வருஷம் காட்டணும்ல."

காட்ட வேண்டும் என்பது உண்மை. விளையாட்டு அலுவலகத்தில் பேசிச் சமாளித்து அவர் பல வருஷமாகக் காட்டவில்லை என்பதும் உண்மை. நான் அவர் முழங்கையைக் கிள்ளினேன். அதற்குள் ஒரு கிழவர் உள்ளே வந்து "கண்ணுக்குக் கடைசி யாரு?" என்றார். என் புருஷன் கையைத் தூக்கி, முழுக்குரலில், "நான்தான்" என்றார். கிழவருக்குப் பின்னால் பிள்ளைத்தாச்சி ஒருத்தி வந்தாள். வரிசை சங்கிலியாகக் கோத்துக்கொண்டது.

"இப்பவே எந்திரிச்சு இந்தப் பக்கம் வா" என்று காதில் சொன்னேன்.

"எப்படிடி வர்றது? எனக்குப் பின்னாடி ஆள் இருக்கு. டீச்சர் ஏன்னு கேப்பாங்க."

"சொல்லேன்."

"நேரி, கெஞ்சிக் கேக்குறேன்."

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அங்கேயே இரண்டு கொடுத்திருப்பேன். அதற்குப் பதிலாக நடையின் நடுவில் போய் நின்று, ரொட்டிக் கடைக் குரலில் கேட்டேன். "யூராலஜிக்குக் கடைசி யாரு?"

ஆண்களெல்லாம் தங்கள் காலணியைப் பார்த்தார்கள். கடைசியில் ஒருவர் சுண்டுவிரலைக் காட்டினார். "நான், அம்மா. ஆனா இது ஆம்பளைங்க டாக்டராச்சே."

"தெரியும். என் வீட்டுல ஒண்ணு இருக்கு" என்று சொல்லி உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் கண் அறையில் எலியேசருக்குச் சொட்டு மருந்து விட்டு, கண்ணை மூடிக்கொண்டு வெளியே காத்திருக்கச் சொல்லி அனுப்பினார்கள். எதிர் பெஞ்சில் சுவரில் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் தொப்பியைப் புருவம் வரை இழுத்துவிட்டுக்கொண்டு ஒரு ஆள் நடைக்குள் வந்தான். நின்றான், திரும்பப் போகப் பார்த்தான், மறுபடி வந்தான். கேட்கவே கேட்காத குரலில் "யூராலஜிக்கு..." என்றான்.

"நான்தான் கடைசி" என்றேன்.

தொப்பி நிமிர்ந்தது. எவேலியோ. மரத்தடித் தலைவன்.

"நீயா, நெரெய்டா?"

"நான்தான். எனக்குப் பின்னாடி நீ. உக்காரு."

அவன் உட்கார்ந்தான். எதிரே கண்ணை மூடியிருந்த எலியேசரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். அவனுக்குப் பின்னால் வந்தவர்களையெல்லாம் "நீங்க முன்னாடி போங்க, எனக்கு அவசரமில்ல" என்று தனக்கு முன்னால் தள்ளிக்கொண்டே இருந்தான். வரிசையில் முந்துகிறவனை எனக்குத் தெரியும். பிந்துகிறவனை அன்றுதான் பார்த்தேன்.

என் முறை வந்தபோது எலியேசர் மறுபடி கண் அறைக்குள் இருந்தார். விட மனமில்லாமல் நானே உள்ளே போனேன். பெர்டோமோ கட்டையான ஆள், மேசை நிறைய காகிதம். எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி நோய் தீர்ந்தது.

"சொல்லுங்க, அம்மா."

"எனக்கு இல்ல டாக்டர். புருஷனுக்கு."

"அவரு எங்க?"

"எதிர் அறையில. கண் காட்டுறாரு. உங்ககிட்ட வரக் கூச்சப்பட்டு அந்த வரிசையில போய் மாட்டிக்கிட்டாரு."

அவர் சிரிக்கவில்லை. "உங்கள வச்சு அவருக்கு வைத்தியம் பாக்க முடியாது, அம்மா. அவரே வந்து, அவர் வாயாலே சொல்லணும். அவர் சொல்றதுலதான் பாதி வைத்தியம் இருக்கு" என்றார். பிறகு ஒன்று கேட்டார். "தண்ணி நிறையக் குடிக்கிறாரா? ராத்திரி அடிக்கடி எந்திரிக்கிறாரா?"

எனக்கு ஆடுநாற்காலிப் பக்கத்துக் குடம் ஞாபகம் வந்தது. அதைச் சொன்னேன்.

"அப்ப கண் டாக்டர் பாக்கட்டும், நல்லதுதான். முடிஞ்சதும் இங்க வரச் சொல்லுங்க. எவ்வளவு நேரமானாலும் பாத்துட்டுத்தான் போவேன்."

வெளியே வந்தபோது கண் அறையின் நர்ஸ் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். உள்ளே எலியேசர் இருட்டில் ஒரு இயந்திரத்தின் முன்னால் மோவாயை வைத்து உட்கார்ந்திருந்தார். கண் டாக்டர் இடல்மிஸ் ஒல்லியான அம்மாள், பேச்சில் ஒரு ஏற்ற இறக்கம் இல்லை.

"நீங்க மனைவியா? இவரு அம்பயர்னு சொல்றாரு. போர்டுல மூணாவது வரிசைக்குக் கீழ இவரால படிக்க முடியல. பந்தை எப்படிப் பாக்குறாருனு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு."

"யோவ், சொல்லு."

அவர் மோவாயை எடுக்காமலே சொன்னார். "சத்தத்தை வச்சு."

"எந்தச் சத்தம்?"

"பந்து கேட்சர் கையுறையில விழுற சத்தம். நடுவுல விழுந்தா ஒரு சத்தம், ஓரத்துல விழுந்தா ஒரு சத்தம். பெரும்பாலும் சரியாத்தான் வரும்."

ஊர் முழுக்க இந்த ஆளின் தீர்ப்பை நம்பித் தோற்றது. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. டாக்டரம்மா விளக்கைப் போட்டார்.

"கண்ணுக்குப் பின்னால சின்னச் சின்ன ரத்தக் கசிவு இருக்கு. இது சர்க்கரை செய்யற வேலை. எப்ப பரிசோதனை பண்ணினீங்க?"

"பண்ணினதே இல்ல."

"கால் பாதம் மரத்துப் போகுதா?"

"கொஞ்சம்."

"படுக்கையில எப்படி? விறைப்பு வருதா?"

பாதத்தைக் கேட்ட அதே குரலில்தான் கேட்டார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன், அப்புறம் நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவரே சொல்லட்டும். எலியேசர் மேசை விளிம்பைப் பிடித்திருந்தார்.

"இல்ல" என்றார். "ஒரு வருஷமா இல்ல."

"ம்" என்று டாக்டரம்மா தலையாட்டினார், மழை வருமா என்று கேட்டதற்குப் பதில் வந்த மாதிரி. "எல்லாம் ஒரே வியாதியா இருக்கலாம். கண்ணுல இருக்கிறதும் மெல்லிசு ரத்தக்குழாய், அங்க இருக்கிறதும் மெல்லிசுதான். சர்க்கரை ரெண்டையும் கெடுக்கும், நரம்பையும் கெடுக்கும்."

"அப்ப வயசாகி முடிஞ்சு போனது இல்லையா?"

"முடிஞ்சதுனு எந்த டாக்டர் சொன்னாரு?"

"நானேதான்."

"டாக்டரம்மா, இவரு சொன்னா மாத்த மாட்டாரு. பந்தைப் பாக்காமலே சொல்லுவாரு" என்றேன்.

முதல் தடவையாக அவர் லேசாகச் சிரித்தார். "எல்லாம் பழையபடி ஆயிடும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். முதல்ல கண்ணைக் காப்பாத்தணும், அதுக்கு அடுத்த வாரமே திரும்ப வரணும். ஆனா மத்ததுக்கும் வைத்தியம் இருக்கு, ஒண்ணு சரிப்படலைனா இன்னொண்ணு. நாளைக்குக் காலையில வெறும் வயித்தோட உங்க தெரு டாக்டர்கிட்டப் போய் ரத்தம் குடுங்க. சர்க்கரை, பிரஷர், நெஞ்சு, எல்லாத்தையும் அவங்கதான் பிடிச்சு நிறுத்தணும்."

"யானெலிஸ்கிட்டயா" என்று முனகினார் எலியேசர்.

"யாரா இருந்தாலும். படுக்கை விஷயத்துக்கு எதிர்க்கதவு. பெர்டோமோ நல்லா கேப்பாரு. மாத்திரை ஏதாவது வாங்கி வச்சிருக்கீங்களா?"

டாம்பா மாத்திரையைச் சொன்னேன்.

"தொடாதீங்க. நெஞ்சைப் பாத்துட்டு அவர் குடுத்தா மட்டும்தான்."

சொட்டு மருந்தால் அவர் கண்மணி அகலமாக விரிந்து கிடந்தது. நடைக்கு வந்ததும் வெளிச்சம் தாங்காமல் நின்றுவிட்டார். நான் கையைப் பிடித்துக்கொண்டேன். கூட்டம் குறைந்திருந்தது.

"நேரி, யார் யார் இருக்காங்க?"

"ஏழெட்டுப் பேரு."

"என்னைப் பாக்குறாங்களா?"

"எல்லாரும் பாக்குறாங்க."

"எனக்கு ஒரு முகமும் தெரியல. எல்லாம் வெள்ளையா மங்கலா இருக்கு."

சொல்லிவிட்டுச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு என் கையை விட்டார். காலை அகட்டினார். தட்டுக்குப் பின்னால் நிற்கிறபோது செய்கிற மாதிரி மூச்சை இழுத்தார்.

"யூராலஜிக்குக் கடைசி யாரு?"

ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மருந்து கொடுக்கிற அறையிலிருந்து ஒருத்தி தலையை நீட்டினாள். தூங்கிக்கொண்டிருந்த காவலாளி எழுந்து நின்றான்.

"நான்தான்" என்றது ஒரு சின்னக் குரல்.

எலியேசர் தலையைச் சாய்த்தார். பந்தைச் சத்தத்தில் பிடிக்கிற காது அது.

"எவேலியோ?"

"ஆமா, அம்பயர்."

நாளைக்கு மரத்தடியில் இதுதான் பேச்சு, என் புருஷன் மறுபடி வீட்டுக்குள் போய் முடங்கிவிடுவார் என்று பயந்தேன். அவர் கையை நீட்டித் தடவிக்கொண்டே அந்தக் குரல் வந்த பக்கம் போனார்.

"ஞாயிறானா குருடான்னு கத்துவியே மாப்ள. இன்னிக்கு டாக்டரம்மாவே சொல்லிட்டாங்க. நீ சொன்னது சரிதான்."

எவேலியோ சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். அவன் எழுந்து எலியேசரின் தோளைப் பிடித்து உட்கார வைத்தான். "பாத்து. இடது பக்கம் ஆள் இருக்கு" என்றான். பிறகு மெதுவாக, "உனக்கும் இதேதானா?" என்றான்.

"இதேதான்."

"எவ்வளவு நாளா?"

"நீ முதல்ல சொல்லு."

பெர்டோமோவின் கதவு திறந்தது. "அடுத்தது யாரு?" முன்னால் இருந்தவர்கள் எல்லாம் போய் முடிந்திருந்தார்கள். எவேலியோ எலியேசரைத் தள்ளினான். "இவரு போகட்டும், டாக்டர். எனக்கு அவசரமில்ல."

"அதெல்லாம் கிடையாது" என்றார் என் புருஷன். "வரிசைனா வரிசை. நீ போ. நீ வெளிய வர்ற வரைக்கும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன்."

அம்பயர் சொன்ன பிறகு பேச்சு ஏது. எவேலியோ தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே போனான். தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. அவன் திரும்பி வர ரொம்ப நேரமாயிற்று. வந்தபோது முகம் கழுவினவன் மாதிரி இருந்தான். வீட்டுக்குப் போகவில்லை, எங்கள் பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டான்.

எலியேசர் எழுந்தார். நானும் எழுந்தேன்.

"நீ இரு" என்றார். "நானே சொல்றேன்."

"கதவு எங்க இருக்குனு தெரியுதா?"

"வெள்ளையா ஒண்ணு தெரியுது. அதுதானே?" இரண்டடி வைத்துத் திரும்பினார். "நேரி, வீட்டுக்குப் போனதும் அந்தப் பெட்டிய மேல தூக்கி வை. கால்ல இடிக்குது."

"சரி கிழவா."

உள்ளே போனார். கதவை அவரே சாத்தினார். தாழ்ப்பாளும் விழுந்தது. நல்ல கனமான கதவு. நான் எத்தனை பேரிடம் விசாரித்துத் தேடிப் பிடித்த கதவு. அதனால் ஒரு பிரயோசனமும் இல்லை. மைதானத்துக் குரல் மரத்தைத் துளைத்துக்கொண்டு நடை முழுக்க வந்தது.

"டாக்டர், எனக்கு எழும்பல. அவ என்னை விட்டுப் போறதுல எனக்கு இஷ்டமில்ல. என்ன பண்ணணுமோ பண்ணுங்க, நான் பண்றேன்."

கோடியில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எவேலியோ திரும்பி அவனை ஒரு பார்வை பார்த்தான். சிரிப்பு நின்றது. கார்னிவலிலிருந்து 'போகாதே' என்கிற அந்த வார்த்தையை அவர் வாயால் கேட்கக் காத்திருந்தவள் நான். ஊரே கேட்கட்டும் என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.